இரத்தம் சொல்லும் சாட்சி: கஞ்சாவும் மூளைச் சேதமும்



வல்ல அல்லாஹ் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் அறிவு தலையாயது. அறிவு உள்ளவன் மீதே மார்க்கக் கடமைகள் விதியாகின்றன. புத்தி பேதலித்தவன் மீது தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை என்பதே ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வகுத்துரைத்தார்கள். இவ்வைந்தில் அறிவு ஒன்று சிதைந்தாலும் மற்ற நான்கும் தாமாகவே ஆட்டங்காணத் தொடங்கிவிடும்.

இன்று நம் ஊர்களிலும் மஹல்லாக்களிலும் அந்த அறிவைக் குறிவைத்து வந்திருக்கும் பொருள்களுள் ஒன்று கஞ்சா. மத்திய அரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. அதன்படி, ஓராண்டுக்குள் கஞ்சாவையோ பாங்கு, சரஸ் போன்ற அதன் பிற வடிவங்களையோ பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர். அவர்களுள் சுமார் 72 இலட்சம் பேருக்கு அப்பழக்கத்திலிருந்து மீளப் பிறர் உதவி தேவைப்படுகிறது.

இந்நிலையில் இரண்டு குரல்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். "இது வெறும் பச்சிலைதானே! இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது இளைஞனின் குரல். "என் மகனுடைய மூளை கெட்டுவிட்டதா என்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதா?" என்பது தந்தையின் குரல். இருவரும் தீர்ப்பை இரத்தத்திடமே கேட்கின்றனர். இரத்தம் அப்படியொரு தீர்ப்பை வழங்குமா என்பதை அறிந்துகொள்வது நம் அனைவருக்கும் அவசியம்.

முன்னோர் கண்ட முடிவு

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் ஹஷீஷ் என்னும் பொருளைப் பற்றி நம் இமாம்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக ஆராய்ந்துள்ளனர். எகிப்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 684இல் மறைந்த மாலிகீ மத்ஹபின் இமாம் கராஃபீ (ரஹ்) அவர்கள் தமது 'அல்ஃபுரூக்' நூலில், மயக்கும் பொருள்களை வகைப்படுத்தி ஹஷீஷை 'முஃப்சித்', அதாவது அறிவைக் கெடுக்கும் பொருள் என்ற பிரிவில் வைத்தார்கள். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களோ அதனை மதுவைப் போன்றே 'முஸ்கிர்', அதாவது போதையூட்டும் பொருள் என்றார்கள். இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஹஷீஷ் ஹராம் என்பதை விளக்குவதற்கென்றே தனி நூல் இயற்றினார்கள். எந்த வகையில் சேர்ப்பது, என்ன தண்டனை என்பதில் அவர்கள் கருத்து வேறுபட்டனர். அது விலக்கப்பட்டது என்பதில் வேறுபடவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இமாம்களிடம் ஆய்வுக்கூடமும் இல்லை, நுண்ணோக்கியும் இல்லை. அதனை உட்கொண்டவர்களின் பேச்சையும் நடத்தையையும் கண்டறிந்தே அவர்கள் முடிவு கூறினார்கள். ஆகவே கஞ்சாவின் மார்க்கச் சட்டம் எந்த இரத்த அறிக்கையையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. நாளை ஓர் ஆய்வு சேதம் உண்டு என்றாலும், மற்றோர் ஆய்வு சேதம் தெரியவில்லை என்றாலும் அச்சட்டம் மாறப்போவதில்லை. மருத்துவ அறிவு நமக்குத் தேவைப்படுவது வேறு காரணத்திற்காக: துன்பத்தில் சிக்கியவரை அடையாளங்கண்டு மீட்பதற்காக.

கஞ்சா மூளையைத் தொடும் விதம்

கஞ்சாவில் போதை தரும் முதன்மைப் பொருளான டி.ஹெச்.சி. 1964இல் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அது மூளையில் எங்கே சென்று ஒட்டுகிறது என்னும் கேள்விக்கு 1988இல் விடை கிடைத்தது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் அதற்குப் பொருந்தும் ஏற்பிகள் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பூட்டுக்கு ஏற்ற சாவி போல டி.ஹெச்.சி. அவற்றில் சென்று பொருந்துகிறது. 'சி.பி.1' என்று பெயர் பெற்ற அவ்வேற்பிகள், நினைவைப் பதிவுசெய்யும் பகுதியிலும், திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் முன்மூளைப் பகுதியிலும், உடலின் அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையிலும் மிகுதியாக உள்ளன.

இந்த ஏற்பிகள் கஞ்சாவுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. நம் உடலே சுரக்கும் ஒரு பொருள் அவற்றுக்கு உரியது என்பது 1992இல் தெளிவாயிற்று. நரம்பணுக்கள் தமக்குள் அனுப்பும் செய்திகள் அளவு மீறாமல் காப்பது அவ்வமைப்பின் வேலை. நுணுக்கமாக அளந்து வைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டிற்குள் டி.ஹெச்.சி. வெள்ளம்போல் நுழையும்போது அளவு குலைகிறது. மனிதனின் முன்மூளை இருபத்தைந்து வயதை ஒட்டியே முதிர்ச்சி அடைகிறது. எனவே பதின்பருவத்தில் நேரும் குலைவு, கட்டி முடியாத வீட்டின் சாரத்தை அசைப்பது போன்றதாகும்.

பயன்படுத்தும் எல்லோரும் அடிமையாகிவிடுவதில்லை. பயன்படுத்தியவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர் என்றும், பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர் என்னும் அளவுக்கு உயர்கிறது என்றும் ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு இதற்குப் பதினொரு அடையாளங்களை வகுத்துள்ளது. விட நினைத்தும் விட இயலாமை, அடக்க முடியாத வேட்கை, கல்வியும் வேலையும் சீரழிந்தும் தொடர்தல், அளவைக் கூட்டினால்தான் போதை ஏறும் என்ற நிலை, நிறுத்தினால் தூக்கமின்மையும் எரிச்சலும் தோன்றுதல் ஆகியவை அவற்றுள் சில. ஓராண்டில் இரண்டு அடையாளங்கள் காணப்பட்டாலே அது நோய். ஆறும் அதற்கு மேலும் காணப்பட்டால் கடும் நோய்.

இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

சுவர் இடிந்தால் தெருவில் செங்கல் தூள் பறக்கும். அதைப் போலவே மூளையில் ஓர் அணு சிதைந்தால், அதனுள் இருந்த புரதங்கள் வெளியே கசிந்து மூளைத் தண்டுவட நீரில் கலக்கின்றன. அவற்றில் மிகச் சிறு பங்கு இரத்தத்தையும் வந்தடைகிறது. அவற்றைக் 'குறிகாட்டிகள்' என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர். முக்கியமானவற்றை மட்டும் காண்போம்.

1. என்.எஃப்.எல். என்பது நரம்பணுவின் நீண்ட இழைகளுக்கு எலும்புக்கூடு போல் அமைந்த புரதம். இழை அறுந்தால் இது வெளிப்படும். இரத்தத்தில் இதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம் மட்டுமே. ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கே ஒரு பிக்கோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறியும் கருவிகள் 2010க்குப் பின்னரே வந்தன. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயின் ஒரு வகைக்கான மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் விரைவு அனுமதி அளித்தபோது, இப்புரதத்தின் அளவு குறைந்ததையே முக்கிய ஆதாரமாகக் கொண்டது.

2. எஸ்100பி என்பது நரம்பணுக்களைத் தாங்கி ஊட்டமளிக்கும் துணை அணுக்களில் உள்ள புரதம். தலையில் இலேசாக அடிபட்டவருக்கு ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய ஸ்காண்டிநேவிய நாடுகளின் மருத்துவர்கள் 2013 முதல் இதனை வழிகாட்டு முறையில் சேர்த்துள்ளனர்.

3. ஜி.எஃப்.ஏ.பி. என்பதும் துணை அணுக்களின் புரதமே. இதனையும் யு.சி.ஹெச்.-எல்1 என்னும் நரம்பணுப் புரதத்தையும் சேர்த்து அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு, தலைக்காயத்தை மதிப்பிடுவதற்காக அமெரிக்க அரசு 2018இல் அனுமதி அளித்தது.

4. என்.எஸ்.ஈ. என்பது நரம்பணுவில் உள்ள ஒரு நொதி. இதயம் நின்று மீண்டவருக்கு மூளை எந்த அளவு பாதிக்கப்பட்டுள்ளது என்று கணிக்க இது பயன்படுகிறது.

5. பி.டி.என்.எஃப். மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. இது இடிபாட்டின் தூள் அன்று. நரம்பணுக்கள் வளரவும் புதிய இணைப்புகள் உண்டாகவும் துணைசெய்யும் ஊட்டப்பொருள்.

சாட்சியின் தகுதி

நம் மார்க்கத்தில் சாட்சியத்திற்குக் கடும் நிபந்தனைகள் உண்டு. சாட்சி தான் கண்டதை மட்டுமே கூற வேண்டும்; காணாததை ஊகித்துக் கூறினால் அவர் எவ்வளவு நல்லவராயினும் அச்சாட்சியம் ஏற்கப்படாது. இந்த அளவுகோலைக் கொண்டு மேற்கண்ட குறிகாட்டிகளைச் சற்று விசாரிப்போம்.

அணு உடைந்தது என்பதை இச்சாட்சிகள் கண்டிருக்கலாம். உடைத்தது யார் என்பதை அவை காணவில்லை. என்.எஃப்.எல். வயது ஏற ஏறத் தானாகவே உயரும். சிறுநீரகம் பழுதுபட்டாலும் உயரும். பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் உயரும். எஸ்100பி கொழுப்புத் திசுவிலும் உள்ளது. கடுமையாக ஓடியாடி விளையாடினாலும் அது கூடும். இரத்தத்தில் அது சில மணி நேரத்திற்குள் மறைந்துவிடுவதால் நேற்றைய சேதத்தைப் பற்றி இன்று பேசாது. என்.எஸ்.ஈ. சிவப்பணுக்களிலும் இருக்கிறது, எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டாலே அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். பி.டி.என்.எஃப். இரத்தத் தட்டணுக்களில் பெருமளவு தங்கியிருப்பதால், இரத்தத்தை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே முடிவு மாறும்.

இவை போதாவென்று, கஞ்சாவைப் பயன்படுத்துபவர் பெரும்பாலும் அதனைப் புகையிலையோடு கலந்து புகைக்கிறார். சிலர் மதுவும் அருந்துகின்றனர். சிலர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருப்பார்கள். சிலருக்கு மனச்சோர்வும் தூக்கமின்மையும் முன்பே இருந்திருக்கும். இவற்றுள் எதனால் குறிகாட்டி உயர்ந்தது என்று பிரித்தறிவது எளிதன்று. பழக்கம் தொடங்குவதற்கு முன் அவருடைய இரத்தத்தில் அளவு என்னவாக இருந்தது என்பதும் பெரும்பாலான ஆய்வுகளுக்குத் தெரிவதில்லை.

ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு காண்க. ஜெர்மனியில் 2004இல் வெளியான ஆய்வில், மனச்சிதைவு நோயோடு நீண்டகாலக் கஞ்சாப் பழக்கமும் உள்ளவர்களின் இரத்தத்தில் பி.டி.என்.எஃப். கூடுதலாகக் காணப்பட்டது. சேதத்திற்கு எதிராக மூளை எழுப்பும் தற்காப்பாக அது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் மிகச் சிலரைக் கொண்டு செய்த ஆய்விலோ, எப்போதாவது கஞ்சா பயன்படுத்துவோரிடம் அதே பொருள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஒன்றில் கூடுதல், மற்றொன்றில் குறைவு! ஆய்வுக்கு உட்பட்டவர்களும் வேறு, சூழலும் வேறு. ஆகவே இதனை வைத்து ஒரு தனிமனிதரின் மூளையைப் பற்றி எதையும் உறுதியாகக் கூற இயலாது.

எனவே, இளைஞர் ஒருவரின் இரத்தத்தை எடுத்து, "கஞ்சாவால் உன் மூளை இந்த அளவு சேதமடைந்துள்ளது" என்று சொல்லத்தக்க பரிசோதனை இன்று எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை. அளவு சரியாக இருப்பதால் சேதமில்லை என்றும் ஆகிவிடாது. ஏற்பிகள் குறைவதும், அணுக்களுக்கிடையிலான செய்திப் போக்கு குலைவதும் அணு உடையாமலே நிகழக்கூடியவை. அவை இடிபாட்டின் தூளை எழுப்புவதில்லை.

இதனோடு மற்றொரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். பரிசோதனைக்கூடங்களில் சிறுநீரில் கஞ்சாவைக் கண்டறியும் சோதனை உண்டு. அது பயன்படுத்தினாரா என்பதை மட்டுமே சொல்லும். கஞ்சாவின் எச்சம் உடலின் கொழுப்பில் தங்குவதால், நாள்தோறும் பயன்படுத்தியவர் விட்டொழித்துப் பல வாரங்கள் ஆன பின்னும் அச்சோதனை 'ஆம்' என்று காட்டக்கூடும். திருந்தி நிற்கும் மகனை அந்தக் காகிதத்தைக் காட்டிப் பொய்யன் என்று கடிந்துகொள்வது எத்தகைய அநீதி!

அப்படியானால் ஆபத்து இல்லையா?

உண்டு. இரத்தம் உறுதிபடப் பேசாவிட்டாலும் மனிதர்களின் வாழ்க்கை பேசுகிறது. சுவீடன் நாட்டில் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஏற்படும் அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்காக இருந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வீரியம் மிக்க கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோருக்குப் புத்தி பேதலிக்கும் நோய் வரும் வாய்ப்பு, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காகக் காணப்பட்டது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1037 பேரைக் குழந்தைப் பருவம் முதல் 38 வயது வரை தொடர்ந்து ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியிட்டனர். பதின்பருவத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் கஞ்சாவுக்கு அடிமையாக இருந்தவர்களின் நுண்ணறிவு அளவு சராசரியாக எட்டுப் புள்ளிகள் சரிந்திருந்தது. ஆயினும் நேர்மை கருதி மறுபக்கத்தையும் கூற வேண்டும். அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சா பயன்படுத்திய பிள்ளைக்கும் பயன்படுத்தாத உடன்பிறப்புக்கும் நுண்ணறிவுச் சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குடும்பச் சூழலும் இச்சரிவுக்குக் காரணமாக இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

இதை ஏன் மறைக்காமல் சொல்கிறோம்? நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. நல்ல நோக்கத்திற்காகவும் மிகைப்படுத்த நமக்கு அனுமதியில்லை. ஒரு தடவை இழுத்தாலே மூளை உருகிவிடும் என்று மேடையில் முழங்கினால், இழுத்துப் பார்த்த நண்பன் நலமாக நடமாடுவதைக் காணும் இளைஞன், நாம் சொல்லும் உண்மைகளையும் சேர்த்தே தள்ளிவிடுவான்.

மீளும் வழி திறந்தே இருக்கிறது

நற்செய்தியும் ஆய்வுகளில் உண்டு. நாள்தோறும் கஞ்சா புகைத்தவர்களின் மூளையில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்திருந்ததையும், ஏறக்குறைய நான்கு வாரங்கள் அதனை விட்டிருந்தபின் அவை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியதையும் 2012இல் வெளியான ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. பாஸ்டன் நகரில் 16 முதல் 25 வயது வரையுள்ள 88 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் கஞ்சாவைத் தவிர்த்தவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது; அம்மேம்பாட்டின் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே தென்பட்டது. தவ்பாவின் வாசலை அடைக்காத அருளாளன், மூளைக்கும் தன்னைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றலை வைத்திருக்கிறான். "கெட்டது கெட்டதுதான், இனி என்ன?" என்னும் விரக்திக்கு இங்கே இடமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: பெற்றோர் இரத்த அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். படிப்பில் திடீர்ச் சரிவு, நினைவுத் தடுமாற்றம், நண்பர் வட்டம் மாறுதல், பணம் காணாமற்போதல், இரவு பகல் தலைகீழாதல் ஆகியவை எந்தக் குறிகாட்டியையும்விடத் தெளிவாகப் பேசும்.

இரண்டாவது: யாரோ பின்தொடர்வதாக அஞ்சுவதும், காதில் குரல்கள் கேட்பதாகக் கூறுவதும் தோன்றினால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஷைத்தான் பிடித்துவிட்டது என்று நாட்களைக் கடத்துவது பெரும் கேடாய் முடியும்.

மூன்றாவது: கஞ்சாப் பழக்கத்தை நீக்குவதற்கென்று தனி மாத்திரை இல்லை. சிகிச்சை என்பது பெரும்பாலும் மனநல ஆலோசனையும் பயிற்சியுமே. விட்டவுடன் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் வாரத்தில் உச்சமடைந்து பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். அந்நாட்களில் வீட்டார் காட்டும் பொறுமையே பாதி மருந்து.

நான்காவது: சிகிச்சைக்குச் சென்றால் வழக்கு வருமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதாகவோ சிறிதளவு வைத்திருந்ததாகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், தாமாகவே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஐந்தாவது: மஹல்லாவின் பொறுப்பாளர்கள் அந்த இளைஞனின் பெயரைச் சபையில் இழுக்க வேண்டாம். சகோதரனின் குறையை மறைப்பது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த பண்பு. அவமானப்பட்டவன் வீட்டை விட்டு விலகுவான். வீட்டை விட்டு விலகியவனை வரவேற்க விற்பவன் காத்திருக்கிறான்.

அன்பு வாசகர்களே! அறிவு என்பது அமானிதம். அதனைக் காக்கும் கடமை, அது சேதமடைந்ததற்கு ஆதாரம் கிடைத்த பின் தொடங்குவதில்லை. நாளை மறுமையில் நம் உறுப்புகளே நமக்குச் சாட்சி கூறும் நாள் வரும். அந்நாளில் கூறப்படும் சாட்சியத்தில் ஊகமும் இராது, பிழையும் இராது. அதற்கு முன், இரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அதனிடம் தீர்ப்புக் கேட்பதைவிட, பிள்ளையின் அருகில் அமர்ந்து அவனிடமே பேசத் தொடங்குவோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் ஈமானையும் பாதுகாப்பானாக! சிக்கியவர்களுக்கு மீளும் மனவுறுதியையும், அவர்களைத் தாங்கி நிற்கும் குடும்பத்தாருக்கு அழகிய பொறுமையையும் வழங்குவானாக! ஆமீன்.